கடனை அடைப்பதா, கையிருப்பு வைப்பதா?

நம் கடையில் துவரம் பருப்பு மூட்டை அடி தட்டும் வரை நாம் காத்திருப்பதில்லை. கால் மூட்டை இருக்கும்போதே மண்டிக்குச் சொல்லிவிடுகிறோம். லாரி இரண்டு நாள் தாமதமானாலும் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால் இதே பாடத்தை வீட்டுப் பணத்தில் நம்மில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறோம்? கடையில் சரக்கு இருப்பு உண்டு. வீட்டில் பண இருப்பு இல்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் கடன்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். மறுமாதம் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடியும் கடன்காரரிடமே போய் நிற்கிறோம்.

கடன் இருக்கும்போது சேமிப்பது புத்திசாலித்தனமா? வட்டி ஓடிக்கொண்டிருக்கையில் பணத்தை வங்கியில் தூங்க விடலாமா? சங்க அலுவலகத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும்

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர். தீபாவளி வியாபாரம் நன்றாக நடந்து, செலவு போக 60,000 ரூபாய் மிச்சமானது. ஏற்கெனவே மூன்று வட்டிக்கு வாங்கிய கைக்கடனும் சரியாக 60,000 ரூபாய்தான். மறுநாளே முழுத் தொகையையும் கொண்டுபோய்க் கொடுத்துப் புரோநோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இனி மாதம் 1,800 ரூபாய் மிச்சம்" என்று மனநிறைவோடு வீடு திரும்பினார். செய்தது தவறென்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது வாரம் அவருடைய தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் உடனடியாக 30,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். பழைய கைக்கடன்காரர் பணத்தை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். வேறு வழியின்றி 20,000 ரூபாய் தண்டல் எடுத்தார். பிடித்தம் போகக் கையில் வந்தது 17,000. மீதி 13,000 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்தார். தினம் 200 ரூபாய் வீதம் 100 நாள் தண்டல் கட்ட வேண்டும்.

"அண்ணாச்சி, கடனை அடைச்சது தப்பா?" என்று அவர் நம்மிடம் கேட்டார்.

"அடைச்சது தப்பில்லை தம்பி. மொத்தத்தையும் அடைச்சதுதான் தப்பு" என்றோம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அவர் 30,000 ரூபாயை மட்டும் கைக்கடனுக்குக் கொடுத்துவிட்டு, 30,000 ரூபாயை நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று வட்டியில் மாதம் 900 ரூபாய். 100 நாளைக்கு 3,000 ரூபாய். தண்டலுக்குப் பிடித்த வட்டியும் அதே 3,000 ரூபாய்தான். ஆகவே வட்டிக் கணக்கில் மட்டும் பார்த்தால் இரண்டும் சரிக்குச் சரி.

வித்தியாசம் கடையில் இருந்தது. கல்லாவிலிருந்து 13,000 ரூபாய் போனது. தண்டலுக்கு மாதம் 6,000 ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய் டின், சர்க்கரை மூட்டை எல்லாம் பாதியாகக் குறைந்தன. பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் கொள்முதல் செய்ய வேண்டிய நேரத்தில் தண்டல் இன்னும் முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொங்கல் வியாபாரம் எதிர்க்கடைக்குப் போயிற்று.

எல்லாவற்றிலும் விலை அதிகமான பணம்

வட்டியை நாம் பேச்சு வழக்கில் சொல்வதால் அதன் உண்மைக் கனம் தெரிவதில்லை. இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 24. மூன்று வட்டி என்றால் 36. கடன் அட்டை பாக்கியை மறுமாதத்துக்குத் தள்ளினால் பல வங்கிகள் மாதம் மூன்றரை வட்டிக்கு மேலும் போடுகின்றன; அது ஆண்டுக்கு 42க்கு மேல். வங்கி நகைக் கடன் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொண்டால் ஒரு வட்டிக்கும் குறைவு.

தண்டலுக்கு வருவோம். 10,000 ரூபாய் தண்டலில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "100 நாளைக்கு நூற்றுக்கு 15தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நாம் அசலைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஐம்பதாவது நாளில் நம் கையில் இருக்கும் கடன் ஏறத்தாழ பாதிதான். இப்படிக் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது பத்து வட்டிக்கு நெருக்கமாக வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு 120. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி ஆகியவற்றைத் தடை செய்து 2003-ல் தமிழக அரசு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணமே இத்தகைய வட்டிகள்தான்.

ஆனால் தண்டலைவிடவும் விலை அதிகமான பணம் ஒன்று உண்டு. அது நம் கடையின் சொந்த முதல். 10,000 ரூபாய்ச் சரக்கு மாதம் இருமுறை விற்றுத் திரும்புகிறது, நூற்றுக்கு 8 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,600 ரூபாய் வரவு. அந்த 10,000 ரூபாயைக் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் மாதம் 1,600 ரூபாய் வரவு நிற்கிறது. பதினாறு வட்டிக்குக் கடன் வாங்கியதற்கு இது சமம். வட்டி கேட்டு யாரும் வந்து நிற்பதில்லை என்பதால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். கடை வருமானத்தில் வாழும் குடும்பத்துக்குக் கையிருப்பு ஏன் தேவை என்பதற்கு முதல் காரணம் இதுவே. வீட்டின் அவசரம் கல்லாவைத் தொடக் கூடாது.

நாம் சொல்லும் சமாதானங்கள்

"கடைச் சரக்கே என் சேமிப்பு" என்பார் சிலர். விற்கிற அளவுக்குச் சரக்கு வைப்பது முதலீடு. அதற்கு மேல் அடுக்குவது முடக்கம். மேலும், ஆபத்து வரும்போது சரக்கும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்தபோது அரிசி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஒரே இரவில் நனைந்து வீணாயின. அந்த வாரத்தில் வீட்டுக்கும் பணம் வேண்டியிருந்தது, கடையைத் திரும்ப நிரப்பவும் பணம் வேண்டியிருந்தது.

"நகை இருக்கிறதே" என்பார் வேறு சிலர். உண்மைதான். அடகில் இல்லாத நகை நல்ல இரண்டாவது துணை. ஆனால் நகை ஏற்கெனவே வங்கியில் இருந்தால் அது துணையல்ல, கடன்.

"சீட்டு போடுகிறேன்" என்பார் பலர். எடுக்காத சீட்டு சேமிப்பு. எடுத்த சீட்டு கடன். எடுக்காத சீட்டும் நாம் நினைத்த நாளில் கைக்கு வராது. அவசரத்துக்குத் தள்ளி எடுத்தால் தள்ளுபடித் தொகை, சீட்டு நடத்துபவரின் கமிஷன் இரண்டும் போகும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பதிவு பெற்ற சீட்டிலேயே இந்த நிலை என்றால், பதிவு இல்லாத சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வீடு வேறு, கடை வேறு

எந்தத் திட்டத்துக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதைச் சம்பளம் போல எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் அரிசி, பருப்பு, சோப்புக்கும் கொள்முதல் விலையில் சிட்டையில் பற்று எழுத வேண்டும். இப்போது வாடிக்கையாளர் தரும் பணத்தில் பெரும்பகுதி க்யூஆர் அட்டை வழியாக வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. அதே கணக்கிலிருந்து பள்ளிக் கட்டணம், மின் கட்டணம், மண்டிப் பாக்கி எல்லாம் கட்டினால் எது கடைப் பணம், எது வீட்டுப் பணம் என்று யாருக்கும் தெரியாது. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, கையிருப்புக்கு மூன்றாவது கணக்கு என்று பிரித்துவிடுவது நல்லது.

ஒரு மாதிரிக் குடும்பம்

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கடையிலிருந்து மாதம் 35,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. வாடகை 7,000, சாப்பாடு 8,000, படிப்பு 5,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 2,500, மருந்து 1,500, ஊரில் பெற்றோருக்கு 2,000. ஆக, தவிர்க்க முடியாத செலவு 26,000 ரூபாய். மீதி 9,000.

கடன்கள் மூன்று. மூன்று வட்டிக் கைக்கடன் 60,000. மாத வட்டி 1,800. வங்கி நகைக் கடன் 1,20,000. நூற்றுக்கு 10 வீதம் மாத வட்டி 1,000. இருசக்கர வாகனத் தவணை 2,200. மொத்தம் 5,000 ரூபாய். இதற்குப் பின் நிற்பது 4,000 ரூபாய். கையிருப்பு 5,000 ரூபாய்தான். இந்த 4,000 எங்கே போக வேண்டும்?

முழுவதையும் கைக்கடனுக்கே கொடுத்தால் 13 மாதத்தில் அது தீரும். ஆனால் 13 மாதமும் எந்த அவசரமும் வரக் கூடாது.

நாம் சொல்லும் வழி இது.

முதல் படி: அரை மாதச் செலவான 13,000 ரூபாய் சேரும் வரை பாதிக்குப் பாதி. 2,000 கையிருப்புக்கு, 2,000 கைக்கடன் அசலுக்கு. நான்கு மாதத்தில் இந்தப் படி முடிந்துவிடும்.

இரண்டாம் படி: இனி 500 ரூபாய் மட்டும் கையிருப்புக்கு, 3,500 ரூபாய் கைக்கடனுக்கு. அசல் குறையக் குறைய மிச்சமாகும் வட்டியையும் அசலிலேயே சேர்த்துக் கட்ட வேண்டும். பதினாறாவது மாதம் கைக்கடன் தீர்ந்துவிடும். கையிருப்பு 19,000 ரூபாயாகியிருக்கும்.

மூன்றாம் படி: கைக்கடனுக்குப் போய்க்கொண்டிருந்த 5,300 ரூபாயும் கையிருப்புக்குப் போன 500 ரூபாயும் சேர்த்து 5,800 ரூபாய் இப்போது நம் கையில். மீதமுள்ள நகைக் கடன் ஒரு வட்டிக்கும் குறைவானது என்பதால் அவசரப்பட வேண்டாம். 4,000 ரூபாய் கையிருப்புக்கு, 1,800 ரூபாய் நகைக் கடன் அசலுக்கு. இன்னும் 15 மாதத்தில் மூன்று மாதச் செலவான 78,000 ரூபாய் கையிருப்பாகச் சேர்ந்துவிடும். அதன் பிறகு முழுத் தொகையும் நகையை மீட்க.

இதில் நமக்கு நஷ்டம் இல்லையா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கைக்கடன் மூன்று மாதம் தாமதமாகத் தீர்கிறது. வட்டியில் ஏறத்தாழ 4,300 ரூபாய் கூடுதலாகப் போகிறது. மாதத்துக்கு 270 ரூபாய். கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்துப் பிரீமியம் கட்டுவதைப் போல இதையும் கொள்ள வேண்டும். இந்த 270 ரூபாய்க்குப் பயந்து கையிருப்பே வைக்காமல் இருப்பதும் தவறு. கைக்கடன் ஓடும்போதே மூன்று மாதச் செலவைச் சேர்த்து வைப்பதும் தவறு. பெரிய வட்டி இருக்கும் வரை கையிருப்பு சிறியதாக இருக்கட்டும். பெரிய வட்டி தீர்ந்த பிறகு கையிருப்பு வளரட்டும். இதுதான் நாம் சொல்ல வரும் செய்தியின் சாரம்.

தண்டல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வது? புதிய தண்டல் எடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அடகில் இல்லாத நகை இருந்தால் அதை வங்கியில் வைத்துத் தண்டலையும் கந்து வட்டியையும் தீர்ப்பது, பத்து வட்டியை ஒரு வட்டியாக்கும் வழி. ஆனால் அந்தத் தவணைப் பணம் மிச்சமான அன்றிலிருந்தே கையிருப்பைத் தொடங்க வேண்டும். இல்லையெனில் நகையும் போய், தண்டலும் திரும்ப வரும்.

அடைக்கும்போது கவனிக்க

எது வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும். மற்றக் கடன்களின் வட்டியையும் தவணையையும் ஒரு மாதமும் நிறுத்தக் கூடாது. நகைக் கடன் வட்டி தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். கைக்கடன் கொடுத்தவர் அசலைச் சிறுகச் சிறுக வாங்க மறுத்தால், 10,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் வாங்குவாரா என்று பேசிப் பார்க்கலாம். கொடுத்த தொகையைத் தேதியோடு புரோநோட்டின் பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கணக்கு முடிந்த அன்றே புரோநோட்டையும், கொடுத்து வைத்த நிரப்பாத காசோலைகளையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "நாளைக்குத் தருகிறேன்" என்பதை ஏற்கக் கூடாது.

மண்டிப் பாக்கியும் கடன்தான். 10 நாளில் கொடுத்தால் நூற்றுக்கு 2 தள்ளுபடி, இல்லையேல் 30 நாள் தவணை என்று ஒரு மொத்த வியாபாரி சொன்னால், 20 நாள் தாமதத்துக்கு 2 ரூபாய் கொடுக்கிறோம் என்று பொருள். அதுவும் மூன்று வட்டிதான். வட்டி என்ற பெயர் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை.

கையிருப்பு எங்கே இருக்க வேண்டும்?

நினைத்த நாளில் எடுக்கும்படி இருக்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் செலவாகாதபடியும் இருக்க வேண்டும். வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு போதும். தொகை பெருகியதும் ஒரு பகுதியை வைப்புத்தொகையாக மாற்றலாம். முன்கூட்டி எடுத்தால் வட்டி சற்றுக் குறையும், அவ்வளவே. வங்கி வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரு லட்சமாக இருந்தது. நூற்றுக்கு 24 தருகிறேன், 36 தருகிறேன் என்று சொல்லும் இடங்களில் கையிருப்பைப் போடக் கூடாது. இந்தப் பணம் சம்பாதிக்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

அடுக்களை டப்பாவிலும் முழுவதையும் வைக்கக் கூடாது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது பல வீடுகளில் அஞ்சறைப் பெட்டிச் சேமிப்பெல்லாம் வெளியே வந்து வங்கி வரிசையில் நின்றது. ஒரு வாரச் செலவு மட்டும் ரொக்கமாக இருந்தால் போதும்.

கையிருப்பு எல்லா ஆபத்தையும் தாங்காது. பெரிய ஆபத்துக்குக் காப்பீடுதான் துணை. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டங்களில், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியாகவே கிடைக்கின்றன. 1989-ல் அமைக்கப்பட்ட வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேராதவர்கள் உடனே சேர வேண்டும்.

எது அவசரம்?

ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் அவசரமல்ல. அது வரும் என்று ஜனவரியிலேயே தெரியும். தீபாவளித் துணி, மைத்துனர் வீட்டுக் கல்யாணச் சீர், கடை உரிமம் புதுப்பித்தல் இவையும் அப்படியே. இவற்றுக்கு மாதாமாதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நோய், விபத்து, வெள்ளம், கடை திறக்க முடியாத நாட்கள் இவையே அவசரம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளுக்காவது நேரக் கட்டுப்பாட்டுடன் திறக்க அனுமதி இருந்தது. பாத்திரக்கடை, துணிக்கடை வைத்திருந்த நம் சகோதரர்களுக்கு அதுவும் இல்லை. மூன்று மாதச் செலவு கையில் வேண்டும் என்று நாம் சொல்வது அந்த அனுபவத்தால்தான். சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பும் சேமநல நிதியும் உண்டு. நமக்குக் கடை திறந்தால்தான் காசு.

அவசரத்துக்கு எடுத்தால் மனம் வருந்த வேண்டாம், அதற்காகத்தான் வைத்தோம். ஆனால் எடுத்த அடுத்த மாதத்திலிருந்து மறுபடியும் முதல் படிக்கு வந்து நிரப்ப வேண்டும்.

நம் முன்னோர் வழி

இது நமக்குப் புதிய பாடமல்ல. விருதுநகர் வட்டார நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். லாபம் வந்ததா, நஷ்டம் வந்ததா என்று பார்த்து எடுத்ததல்ல அது. வியாபாரம் நடந்தாலே மகமை. அந்தச் சிறு தொகைகளிலிருந்துதான் 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை போன்ற கல்விக்கூடங்கள் எழுந்தன. ஊருக்கு எடுத்த மகமையை வீட்டுக்கும் எடுக்கலாம். மேலே சொன்ன குடும்பத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு 67 ரூபாய்தான். தண்டல்காரருக்குத் தினம் 200 ரூபாய் தவறாமல் எடுத்து வைக்க முடிந்த நமக்கு, நம் வீட்டுக்கு 67 ரூபாய் எடுத்து வைக்க முடியாதா?

வீட்டில் உள்ளவர்களோடும் இதைப் பேச வேண்டும். கடன் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பது மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் குடும்பத்துக்கே கடன் தெரிய வருகிறது.

இன்று இரவு கடையடைத்துக் கணக்கு முடிக்கும்போது பேரேட்டில் ஒரு புதிய பக்கம் திருப்பி "வீட்டு இருப்பு" என்று தலைப்பிட்டு முதல் தொகையை எழுதுவோம். 67 ரூபாயாக இருந்தாலும் சரி. எதிர்ப்பக்கத்தில் எல்லாக் கடன்களையும் வட்டியோடு எழுதுவோம். இரண்டு பக்கத்தையும் மாதம் ஒருமுறை சேர்த்துப் பார்த்து வந்தால், அடுத்த பொங்கலுக்கு வெல்லம் வாங்க நாம் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.